நடுங்காத கை யாருக்கும் இல்லை: கிட்டார் செய்யறவங்களுக்கு ரவுட்டர் பேஸ், ஜிக் பற்றி ஒரு த்ரெட்

1/
"டாக்டர், நீங்க கிட்டார் செய்வீங்களாமே? எந்த ரவுட்டர் வாங்கலாம், எந்த ஜிக் வாங்கலாம்?" மாசத்துக்கு ரெண்டு பேராவது இன்பாக்ஸ்ல கேக்கறாங்க. தனித்தனியா பதில் சொல்றதுக்குப் பதிலா மொத்தமா இங்கேயே எழுதிடறேன். நீளமான த்ரெட். கிட்டார் செய்யாதவங்களும் படிக்கலாம். பின்பாதி, வீட்ல மெஷின் வச்சு மரவேலை பண்ற எல்லாருக்கும் தேவைப்படும்.

(வைஃபை ரவுட்டர் இல்லீங்க. மரத்துல பள்ளம் எடுக்கிற, ஓரம் சீவுற மின்கருவி. ஆசாரிங்க பிளைவுட்ல மைக்கா ஒட்டிட்டு ஓரத்தை வெட்ட ஒரு சின்ன மெஷின் வச்சிருப்பாங்களே, ட்ரிம்மர், அது இதோட தம்பி.)

2/
முதல்ல ஒரு மருத்துவ உண்மை. "உங்களுக்கு என்ன சார், டாக்டர் கை, நடுங்காது"ன்னு சொல்வாங்க. நடுங்கும். எல்லார் கையும் நடுங்கும். நோய் இல்லாத, நல்லாத் தூங்கி எழுந்த கையிலயும் வினாடிக்கு 8 முதல் 12 தடவை ஒரு மெல்லிய அதிர்வு இருந்துக்கிட்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ரெண்டு காபி, ஒரு பதற்றம், ஒரு ராத்திரி தூக்கம் கெட்டா தெரிய ஆரம்பிக்கும்.

3/
அப்போ அறுவை சிகிச்சை எப்படி நடக்குது? மணிக்கட்டையோ சுண்டு விரலையோ எங்கயாவது ஊன்றிக்கிட்டு. பல் டாக்டரைக் கவனிச்சுப் பாருங்க, ஒரு விரல் எப்பவும் உங்க இன்னொரு பல்லு மேல ஊன்றியிருக்கும். முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சையில இன்னும் ஒரு படி மேல. எலும்பை ரம்பத்தால கண்ணளவுல வெட்டறது கிடையாது. ஒரு உலோகக் கட்டையை எலும்புல பின் அடிச்சு நிறுத்துவாங்க. அதுல இருக்கிற பிளவு வழியாத்தான் ரம்பம் போகும். அதுக்குப் பேரும் ஜிக்தான்!

அதாவது, கையை எந்தளவுக்கு நம்பணும்னு தெரிஞ்சு வச்சிருக்கிறதும் கைத்திறமைதான்.

4/
இப்ப ரவுட்டருக்கு வருவோம். சின்ன ட்ரிம்மர்கள் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 30,000 சுற்று சுத்தும். வினாடிக்கு 500. உங்க கை ஒரு தடவை நடுங்கி முடிக்கிறதுக்குள்ள பிட் 50 சுற்று போயிருக்கும். ரெண்டு வெட்டுமுனை உள்ள பிட்னா 100 வெட்டு. உளி வழுக்கினா ஒரு கீறல் விழும், உங்களுக்கும் உடனே தெரியும். ரவுட்டர் வழுக்கினா, "ஐயோ"ன்னு நினைக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும்.

அதனால எந்த ரவுட்டர்ங்கிற கேள்வி ரெண்டாம்பட்சம். அதை எது பிடிச்சு நிறுத்துதுங்கிறதுதான் முக்கியம்.

5/
வெறும் கையில பிடிச்ச ரவுட்டருக்கு ஆறு வழி திறந்திருக்கு. முன்-பின், இடம்-வலம், மேல்-கீழ்னு மூணு நகர்வு. முன்னாடி பின்னாடி கவிழறது, பக்கவாட்டுல சாயறது, நின்ன இடத்துலயே திரும்பறதுன்னு மூணு சுழற்சி.

பேஸ், அதாவது அடித்தட்டு, மரத்து மேல சப்பையா உட்கார்ந்ததும் மூணு வழி அடைபடும்: மேல்-கீழ் ஒண்ணு, சாய்வு ரெண்டு. மிச்சம் மூணு. ஓரத்துல ஒரு ஃபென்ஸ் வச்சா இன்னொண்ணு அடைபடும். நல்ல ஜிக்னா, கடைசியில ஒரே ஒரு வழியை மட்டும் உங்க கைக்கு விட்டு வைக்கும்.

கடையில எந்தச் சாமானைப் பார்த்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க: இது எந்த வழியை அடைக்குது? பதில் தெரியலைன்னா அது உங்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லை.

6/
சரி, ஒவ்வொண்ணா. முதல்ல ட்ரிம்மரோடயே வர்ற பேஸ். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பலகையோட நடுவுல வேலை பார்க்கும்போது பிரச்னை இல்லை. ஓரத்துக்கு வந்ததும் பாதி பேஸ் காத்துல தொங்கும். பிட் ஓரத்துல, எடையும் ஓரத்துல. லேசா கை சாஞ்சா மெஷின் கவிழும்.

இதுக்குத்தான் ஆஃப்செட் பேஸ். ஒரு பக்கம் நீண்ட தட்டு, அந்த முனையில ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியை மரத்து மேல அழுத்திப் பிடிச்சா எடை உள்பக்கம் வந்துடும். கிட்டார் உடம்பு முழுக்க ஓரம்தானே! நான் முதல்ல வாங்கச் சொல்றது இதைத்தான். வாங்கக்கூட வேண்டாம், 6 மி.மீ. பாலிகார்பனேட் தட்டுல நீங்களே செஞ்சுக்கலாம். அக்ரிலிக் பளபளன்னு இருக்கும், ஆனா ஸ்க்ரூ ஓட்டை கிட்ட விரிசல் விடும்.

7/
அடுத்து, கணக்கு. பயப்பட வேண்டாம், ஒரு கழித்தல், ஒரு வகுத்தல்.

டெம்ப்ளேட் வச்சு வெட்டும்போது பேஸ்ல ஒரு வளையம் மாட்டுவோம், கைடு புஷ். புஷ்ஷோட வெளிவிட்டத்துல இருந்து பிட் விட்டத்தைக் கழிச்சு பாதியாக்கினா, டெம்ப்ளேட்டுக்கும் வெட்டுக்கும் உள்ள இடைவெளி கிடைக்கும். 10 மி.மீ. புஷ், 6 மி.மீ. பிட்னா இடைவெளி 2 மி.மீ. டெம்ப்ளேட் வரையும்போதே இதைச் சேர்த்துக்கணும்.

பேரிங் வச்ச பிட்டுக்கும் அதே கணக்கு. வெட்டு விட்டம் 19, பேரிங் விட்டம் 15னா பள்ளத்தோட ஆழம் 2 மி.மீ. பேரிங்கை மாத்தினா ஆழம் மாறும். அதனாலதான் பைண்டிங் செட்ல ஒரே பிட்டுக்கு ஏழெட்டு பேரிங் தர்றாங்க. ஏழெட்டு பிட் வாங்க வேண்டாம்.

8/
இங்க ஒரு நுணுக்கம். "நின்ன இடத்துல திரும்பறது"ன்னு ஒரு வழி சொன்னேன்ல? பிட் வட்டம்தானே, மெஷின் திரும்பினா என்ன ஆகப்போகுதுன்னு தோணும். புஷ்ஷோட மையமும் பிட்டோட மையமும் ஒண்ணா இருந்தாத்தான் அது சரி. அரை மி.மீ. விலகியிருந்தா, வெட்டும்போது மணிக்கட்டு திரும்பத் திரும்ப கோடும் விலகிக்கிட்டே போகும். பேஸ் ஸ்க்ரூவைத் தளர்த்தி, மையக் கூம்பு ஒண்ணை காலெட்ல மாட்டி, புஷ்ஷை அதுல உட்காரவச்சு இறுக்கணும். ரெண்டு நிமிஷ வேலை.

9/
சத்தத் துளையைச் சுத்தி வர்ற அலங்கார வளையம், ரோசெட். இதுக்கு வட்டம் வெட்டுற பேஸ். நடுவுல ஒரு பின், அதுல இருந்து அளந்த தூரத்துல பிட். இதுல கைக்கு மிச்சம் ஒரே வழிதான்: சுத்தி வர்றது. அதனாலதான் முதல் தடவையிலயே அழகா வரும்.

ஸ்டீல் கிட்டார்ல சத்தத் துளை சுமார் 100 மி.மீ. விட்டம், முன்பலகை 3 மி.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. ரோசெட் பள்ளம் அதுல பாதிக்கு மேல போயிடும். வரிசை முக்கியம். முதல்ல வளையப் பள்ளம், ரோசெட்டை ஒட்டி சமப்படுத்து, சத்தத் துளை கடைசி. துளையை முதல்ல வெட்டிட்டா பின் நிக்க இடமே இருக்காது!

10/
முத்துச்சிப்பி இன்லே மாதிரி பொடி வேலைக்கு ட்ரெமெல் வகை சின்னக் கருவி. இதோட வர்ற பிளாஸ்டிக் பேஸ் வளையும். உலோக பேஸ் தனியா கிடைக்குது. அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல ஏதென்ஸ்னு ஒரு ஊர், அங்க 1968-ல இருந்து இருக்கிற ஸ்டூமேக் கம்பெனி இந்த மாதிரி பேஸ் விக்குது. இந்தியாவுக்கு வரவழைச்சா சரக்குக் கட்டணமும் வரியும் சேர்ந்து கண்ணுல தண்ணி வரும். இன்லே பண்ணலைன்னா வாங்காதீங்க.

பண்ணுவீங்கன்னா, பிட் முனை நல்லாத் தெரியுதா, ஆழம் இறுக்கினதும் நகராம இருக்கான்னு பாருங்க. சிலர் மீன்தொட்டி ஏர் பம்ப்புல இருந்து ஒரு குழாயை பிட் கிட்ட விட்டுடுவாங்க. தூசி ஒதுங்கி, கோடு தெரியும். சிக்கனமான, அருமையான ஏற்பாடு.

11/
கழுத்துக்குள்ள ட்ரஸ் ராட் பள்ளம். சுமார் 6 மி.மீ. அகலம், நேர்கோடு. ஒரு பக்கம் மட்டும் ஃபென்ஸ் வச்சா அந்தப் பக்கம் மட்டும்தான் காவல், எதிர்ப்பக்கம் விலகிப் போக வழி இருக்கு. ரெண்டு பக்கமும் ஃபென்ஸ் வச்சா இருப்புப்பாதையில ரயில் மாதிரி போகும். கழுத்துக்கட்டை ரெண்டு ஓரமும் இணையா, சதுரமா இருக்கும்போதே இதை முடிச்சுடணும். வளைச்சுச் செதுக்கின பிறகு ஃபென்ஸ் எதைப் பிடிக்கும்?

12/
இப்ப எல்லாரும் மாட்டிக்கிற இடம்: பைண்டிங் பள்ளம். உடம்போட ஓரத்தைச் சுத்தி ஒரு படி வெட்டி, அதுல மரப்பட்டையோ பிளாஸ்டிக் பட்டையோ ஒட்டணும். பேரிங் பிட் போட்டு ஒரு சுத்து வந்தா முடிஞ்சதுன்னு தோணும்.

ஆனா அக்கூஸ்டிக் கிட்டாரோட முதுகு சப்பை இல்லை. உள்ளங்கையைக் கவிழ்த்த மாதிரி லேசான மேடு. முதுகுக்கு 15 அடி ஆரம்ங்கிறது பரவலான அளவு. பார்த்தா தெரியவே தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்க. நடுவுல இருந்து 20 செ.மீ. தள்ளி ஓரத்துல அந்தச் சாய்வு 2.5 டிகிரி. பேஸ் அந்தச் சாய்வுல உட்காரும், பிட்டும் 2.5 டிகிரி சாயும். 6 மி.மீ. உயரப் பள்ளத்துல மேலுக்கும் கீழுக்கும் கால் மி.மீ. வித்தியாசம். ரெண்டு மூணு தாள் தடிமன். அந்த இடைவெளி உங்க பைண்டிங் பக்கத்துல கறுப்புக் கோடாத் தெரியும், கிட்டார் இருக்கிற வரைக்கும்.

பேஸ் தப்பான வழியை அடைச்சுடுச்சு, அதான் விஷயம். இங்க சாய்வை முடிவு பண்ண வேண்டியது முதுகுப்பலகை இல்லை, பக்கப்பலகை.

13/
தீர்வு ரெண்டு வகை. ஒண்ணு, பேஸை ஓரத்துல மட்டும் ஒரு சின்னக் கால்ல நிக்க வச்சு, பக்கப்பலகையை ஒட்டின செங்குத்துத் தட்டால சாய்வைக் கட்டுப்படுத்தறது. மலிவு, ஆனா கையால நேராப் பிடிக்கணும். ரெண்டு, கோபுர ஜிக். ட்ரிம்மர் ஒரு தூண்ல செங்குத்தா மட்டும் ஏறி இறங்கும், உடம்பைத் தொட்டிலில் மட்டமா நிறுத்தி நீங்க உடம்பைத் தள்ளிக்கிட்டுப் போவீங்க. மேடு பள்ளத்துக்கு ஏத்த மாதிரி மெஷின் மிதக்கும், சாயாது.

ரெண்டாவதுக்கு விலை ஜாஸ்தி. ஆனா மேஜை டிராயருக்குப் போடற பேரிங் ஸ்லைடு ரெண்டு, கொஞ்சம் பிளைவுட், ரெண்டு ஞாயித்துக்கிழமை இருந்தா நீங்களே செய்யலாம். ஸ்லைடுல ஆட்டம் இருக்கக்கூடாது. எலெக்ட்ரிக் கிட்டார் மட்டும்தான் செய்யப்போறீங்க, பலகை சப்பைன்னா, இந்த ஜிக்கே வேண்டாம்.

14/
எலெக்ட்ரிக்ல டெம்ப்ளேட்தான் எல்லாம். லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவுல 1950-ல சந்தைக்குக் கொண்டு வந்தது சப்பையான திடப்பலகை, ஸ்க்ரூ போட்டு மாட்டற கழுத்து. ரவுட்டருக்கும் டெம்ப்ளேட்டுக்கும் ஏத்த வடிவம்.

ஆனா ஒண்ணு. டெம்ப்ளேட் உங்க தப்பையும் அச்சு அசலாப் பிரதி எடுக்கும். கழுத்துப் பள்ளத்து டெம்ப்ளேட் அரை மி.மீ. அகலமா இருந்தா, செய்யற ஒவ்வொரு கிட்டார் கழுத்தும் ஆடும். எம்.டி.எஃப்.ல டெம்ப்ளேட் செஞ்சதும் வெர்னியர் காலிப்பர் வச்சு அளங்க. கழிவு மரத்துல ஒண்ணு வெட்டி, அதையும் அளங்க. அப்புறம்தான் நல்ல மரம்.

15/
நல்ல மரம்னு ஏன் அழுத்திச் சொல்றேன்னா, பிரேசில் ரோஸ்வுட் கிடைக்கிறது கஷ்டமானதும் 1969-ல மார்ட்டின் கம்பெனி இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினாங்க. அது நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில வளர்ற ஈட்டி மரம், தோதகத்தின்னும் சொல்வோம். அதைப் பாதுகாக்க 1994-ல தமிழ்நாட்டுல தனிச்சட்டமே வந்தது. வளர நம்ம ஆயுசைவிட அதிகமா எடுத்துக்கிற மரம். நாலு நொடி அவசரத்துல அதைப் பிய்ச்சு எறியக் கூடாது.

16/
பிய்க்கறதுன்னதும் திசையைச் சொல்லணும். வெளி ஓரத்தை வெட்டும்போது மேல இருந்து பார்த்தா இடஞ்சுழியாப் போகணும். துளைக்குள்ள வெட்டும்போது வலஞ்சுழி. அப்பதான் பிட் உங்களை எதிர்த்துத் தள்ளும், கட்டுப்பாடு உங்க கிட்ட இருக்கும். எதிர்த்திசையில போனா பிட் சக்கரம் மாதிரி மெஷினையே இழுத்துக்கிட்டு ஓடும்.

கிட்டார் வளைவுல நாலு பகுதி இருக்கு. அதுல ரெண்டுல சரியான திசையில போனாலே மர நார் பிளக்கும். அங்க மட்டும் எதிர்த்திசை, அதுவும் ஒவ்வொரு தடவையும் கால் மி.மீ. போல மெல்லிசா. அதனால உடம்பு கிளாம்ப்புல அசையாம இருக்கணும், ரெண்டு கையும் மெஷின்ல இருக்கணும்.

17/
இனி டாக்டராப் பேசறேன். நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஒரு இளம் தச்சர் வந்தார். சின்ன மரத்துண்டை இடது கையில பிடிச்சுக்கிட்டு வலது கையில ட்ரிம்மர். ஃபென்ஸ் இல்லை, கிளாம்ப் இல்லை. "தைச்சு விட்ருங்க சார், நாளைக்கு வேலைக்குப் போகணும்"னார்.

கத்தி வெட்டுக்கு ரெண்டு ஓரம் இருக்கும், சேர்த்துத் தைக்கலாம். ரவுட்டர் காயத்துல சேர்க்க ஓரமே இருக்காது. நடுவுல இருந்த சதை தூளாப் போயிருக்கும். ஆள்காட்டி விரல் நுனியில சதையும் இல்லை, நகமும் பாதிதான். வேற இடத்துல இருந்து தோல் எடுத்து மூடினாங்க. ஆறிடுச்சு. ஆனா அந்த நுனியில பழைய உணர்ச்சி திரும்பலை. மரத்தோட வழவழப்பைத் தடவிப் பார்த்தே சொல்ற தொழில் அவருக்கு.

18/
அதனால இதையெல்லாம் சட்டமாவே வச்சுக்கோங்க. கையில பிடிக்கிற அளவு சின்னத் துண்டை ரவுட்டர் கிட்ட கொண்டு போகாதீங்க, பெரிய பலகையில டபுள் சைடு டேப் போட்டு ஒட்டுங்க. பிட் மாத்தும்போது பிளக்கைப் பிடுங்குங்க. சுவிட்சை அணைச்சாலும் பிட் நிக்கற வரை கீழ வைக்காதீங்க. 6 மி.மீ. பிட்டை கால் இஞ்ச் காலெட்ல போடாதீங்க. கால் இஞ்ச்னா 6.35 மி.மீ., பிட் பிடிக்காது, சுத்தும்போது வழுக்கி வெளிய வரும். நம்ம கடைகள்ல ரெண்டும் கலந்தே கிடைக்குது, அளந்து வாங்குங்க.

அடி பட்டுட்டா: சுத்தத் துணியால அழுத்தி, கையை உயர்த்திப் பிடிங்க. மோதிரத்தை உடனே கழட்டுங்க. காபித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். துண்டான பகுதி இருந்தா ஈரத் துணியில சுத்தி, கவர்ல போட்டு, அந்தக் கவரை ஐஸ்ல வைங்க. நேரா ஐஸ்ல போடக் கூடாது.

19/
கண்ணுக்குத் தெரியாத காயம் தூசி. மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லயே முதல் பட்டியல்ல சேர்த்துடுச்சு. முக்கியமா மூக்கு, சைனஸ். ரோஸ்வுட் தூசி சிலருக்குத் தோல்ல அரிப்பு, கொப்புளம் கொண்டு வரும். கிட்டார் முன்பலகைக்குப் போடற வெஸ்டர்ன் ரெட் சிடார்ல பிளிகாட்டிக் அமிலம்னு ஒண்ணு இருக்கு, ஆஸ்துமா வரவழைக்கும். இது ஏமாத்துற நோய். வேலை பார்த்தப்ப ஒண்ணும் இருக்காது, ராத்திரி இருமல், இளைப்பு. வேலை இல்லாத நாள்ல குறையும். அப்படி இருந்தா "கிளைமேட் சரியில்லை"ன்னு விடாம டாக்டர் கிட்ட மரவேலை பண்றதைச் சொல்லுங்க. மருத்துவர் தானா கேக்க மாட்டார்.

வேக்குவம் மாட்டற வசதி இருக்கிற பேஸா வாங்குங்க. என்95 முகக்கவசம், கண்ணாடி, காதுக்கு அடைப்பான். 85 டெசிபல்னா 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடவும் நேரம் பாதியாகும். 94-ல ஒரே மணி நேரம். கிட்டார் செய்யறதே கேக்கறதுக்குத்தானே!

20/
சுருக்கமா வாங்கற வரிசை: வேகம் குறைக்கிற வசதி உள்ள நல்ல ட்ரிம்மர் ஒண்ணு. ஆஃப்செட் பேஸ். ரெண்டு ஃபென்ஸ். வட்டம் வெட்டுற பேஸ். கைடு புஷ், பேரிங் செட். வெர்னியர் காலிப்பர். கோபுர ஜிக், உடம்பைப் பூட்டி மூடின பிறகு யோசிச்சாப் போதும். பாதியை வீட்லயே செய்யலாம்.

ஒவ்வொண்ணுக்கும் மூணு கேள்வி. எந்த வழியை அடைக்குது? எந்தப் பரப்புல உட்காருது, அது உண்மையிலேயே சப்பையா? பிட் சுத்தும்போது என் ரெண்டு கையும் எங்க இருக்கும்?

மூணாவதுக்கு உடனே பதில் வரலைன்னா அன்னிக்கு மெஷினைப் போடாதீங்க. கழுத்தை ராவுறது, முன்பலகையைத் தட்டித் தட்டிக் கேட்டு மெலிசாக்கறதுன்னு ஜிக்கே இல்லாத வேலை கிட்டார்ல நிறைய இருக்கு. அதுக்கெல்லாம் பத்து விரலும் உணர்ச்சியோட வேணும்.